அவள் போடாத கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கே புல்லக்கா மைதானத்துக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. செருப்பைக் கழற்றி கேட் ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு புல்லில் இருபது அடி நடந்தாள். அடி வைக்கும்போதெல்லாம் விரலிடுக்கில் தண்ணீர் பிதுங்கிக்கொண்டு வந்தது. ஓரிடத்தில் நின்று குதிகாலை அழுத்தி எடுத்தாள். பதிந்த பள்ளம் பதிந்தபடியே கிடந்தது; புல் எழும்பவில்லை. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. கொட்டகைக்குப் போய்ச் சிவப்புப் பலகையை எடுத்துவந்து கேட்டில் மாட்டினாள். ‘மைதானம் ஈரமாக உள்ளது. இன்று ஆட்டம் இல்லை.’

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. ஒன்பது வருஷமாக அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறாள். விளையாட வருகிறவர்கள், நடக்க வருகிறவர்கள், எதிர் வீட்டு பால்கனியில் துணி காயப்போடுகிற அம்மா, எல்லோருக்கும் அவள் புல்லக்காதான். மைதானத்தின் இந்தக் கோடியில் ஒருவன் எச்சில் துப்பினால் அந்தக் கோடியில் நிற்கிற அவளுக்குத் தெரிந்துவிடும், அவன் பரம்பரையையே இழுத்து வைத்து விசாரிப்பாள் என்று பேர்.

போன வருஷம் பள்ளிப் பெண்களுக்கான கால்பந்து இறுதி ஆட்டம் இங்கே நடப்பதாக இருந்தது. வடக்குக் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் தரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது என்று கடைசி நேரத்தில் வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தினமும் இங்கேயே பயிற்சி செய்த பெண்கள் பஸ் பிடித்து எங்கேயோ போய் ஆடித் தோற்றுவிட்டு வந்தார்கள். அதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. இந்த வருஷம் நாலு மாதம் முன்பே வடக்குப் பாதியைக் கொத்திப் புரட்டி, வடிகால் குழாயை மாற்றி, மணல் பரப்பி, வேரோடு பிடுங்கிய புல்துண்டுகளைக் குந்தி உட்கார்ந்து கையாலேயே நட்டாள். முட்டி இன்னும் வலிக்கிறது. புல் இப்போதுதான் ஒன்றோடொன்று கோர்த்துப் படர ஆரம்பித்திருந்தது. வேர் இன்னும் ஆழம் போகவில்லை. இறுதி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஏழு மணிக்குக் கார்களும் பைக்குகளும் வந்து நிற்க ஆரம்பித்தன. நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று பனியன்களோடு எழுபது பேருக்குக் குறையாமல் இறங்கினார்கள். இவர்கள் ஃப்ரிஸ்பி ஆடுகிற கூட்டம். பக்கத்துக்கு ஏழு பேர். பிளாஸ்டிக் தட்டை எறிந்து எறிந்து கொண்டுபோய் எதிராளி எல்லைக்குள் பிடித்தால் ஒரு பாயின்ட். ஆணும் பெண்ணும் கலந்துதான் ஆடுவார்கள். சீட்டுக் குலுக்கி டீம் பிரிப்பார்கள். கோப்பை, பட்டம் எதுவும் கிடையாது. வாரம் முழுக்க ஆபீசில் உட்கார்ந்த இடுப்பை நிமிர்த்திக்கொள்ள வருகிற கூட்டம். பொதுவாக நல்ல மாதிரி.

அவளுடைய கொழுந்தனும் அந்தக் கூட்டத்தில் இரண்டு வருஷமாக ஆடுகிறான். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து எந்தப் பவர் வேண்டும் என்று சொல்வான். முப்பத்தோரு வயது, அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருந்து அண்ணி கையால் சாப்பிடுகிறவன். வேகமாக ஓடுவான் என்பதால் ஃப்ரிஸ்பி கூட்டத்தில் அவனுக்கு ராக்கெட் என்று பெயர். இந்த மைதானத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அந்த வாரத்தில் மட்டும் அவள் அவனிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள்: “மழை பெஞ்சா பலகைய மாட்டிடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. இப்பவே உன் ஆளுங்க கிட்டச் சொல்லிடு.” மூன்று தடவையும் அவன், “சரிங்க அண்ணி, சொல்லிடறேன்” என்றான்.

கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். குடையை மடக்கியபடி வந்து பலகையைப் படித்தார். சிரித்தார்.

“என்னக்கா, இதை எடுத்துடலாமே?”

“எடுக்க முடியாதுங்க டாக்டர். கால் புதையுது. வேணும்னா நடந்து பாருங்க.”

“நாங்க என்ன குஸ்தியா போடப் போறோம்? தட்டுதானே எறியப் போறோம்.”

“எறியறது கையி. ஓடறது காலுதானே? காலுல முள்ளு வெச்ச ஷூவ மாட்டிட்டுத்தானே வந்திருக்கீங்க அத்தனை பேரும்?”

டாக்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு, கூசுகிற பல்லைத் தொடும் முன் நோயாளியிடம் பேசுகிற அதே குரலில், “அக்கா, நீங்கதானே சம்மதிச்சிருக்கீங்க? உங்களை நம்பித்தான் எல்லாரையும் வரச் சொன்னோம்” என்றார்.

“நானா? எப்போ?”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. மைதான ஆபீஸ் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்ற எரிச்சல் அவர் குரலிலேயே இருந்தது.

“என்னம்மா பிரச்சினை அங்க? எனக்கு நாலு போன் வந்துடுச்சு.”

“சார், தரை ஊறிப்போய்க் கிடக்கு. இன்னிக்கு ஆட விட்டா வடக்குப் பக்கம் அவ்வளவுதான். பன்னெண்டு நாள்ல பொண்ணுங்க பைனல் இருக்கு.”

“அது கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். ‘மழை பெய்தாலும் ஆட்டம் நடத்தத் தடையில்லை’ன்னு படிவத்துல இருக்கு. கீழ உங்க கையெழுத்து இருக்கு. அத வெச்சுத்தான் நான் அனுமதி குடுத்தேன்.”

“நான் எந்தப் படிவத்துலயும் கையெழுத்துப் போடல சார்.”

“இப்ப அந்த விசாரணைக்கெல்லாம் நேரமில்ல. எழுபது பேர வாசல்ல நிக்க வெச்சுட்டு எங்கிட்ட வாதாடாதீங்க. கேட்டைத் திறங்க. மிச்சத்த நாளைக்குப் பேசிக்கலாம்.”

டாக்டர் தன் போனில் இருந்த படிவத்தின் படத்தைக் காட்டினார். அவள் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாள். அவள் பெயர்தான். ஆனால் அவள் எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, வகுப்பில் வரிசையாக நிற்கிற பிள்ளைகள் மாதிரி நிற்கும். இது சாய்ந்து, ஓடி, கடைசியில் சாட்டையைச் சுழற்றின மாதிரி ஒரு வாலோடு முடிந்திருந்தது. அந்த வாலை அவள் எங்கேயும் தேட வேண்டியதில்லை. கூரியர் வரும்போதெல்லாம் அவள் வீட்டு வாசலில் நின்று அந்த வாலைப் போடுகிறவன் ஒருவன் இருக்கிறான்.

அவளுக்குக் காதுமடல் வரைக்கும் சூடு ஏறியது. கேட்டைத் திறந்தாள். பூட்டைத் திறந்த தன் கை மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“நடுக்கோட்டுக்குத் தெற்குப் பக்கம் மட்டும் ஆடுங்க. இந்தக் கோட்டுக்கு வடக்கால ஒரு கால் வரக்கூடாது. புரியுதா?”

“நிச்சயமா அக்கா” என்றார் டாக்டர்.

கொழுந்தன் எட்டு மணிக்கு நண்பனின் காரில் வந்தான். மழைக்கோட்டுத் தலைமூடியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் நின்ற பக்கமே திரும்பாமல், அவர்கள் ஓரமாகப் போட்டிருந்த கூடாரத்துக்குள் நுழையப் பார்த்தான். அவள் விறுவிறுவென்று போய் முன்னால் நின்றாள்.

“அந்தக் கையெழுத்து யாரோடது?”

“எந்தக் கையெழுத்து அண்ணி?”

“எங்கிட்ட இந்த வேலையெல்லாம் வேண்டாம்.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். “அண்ணி, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

“வீட்டுல மூணு தடவ பேசுனேனே. அப்ப உன் காது எங்க போச்சு?”

அதற்குள் மஞ்சள் பனியன்காரர்கள் “ராக்கெட்! ராக்கெட்!” என்று கூப்பிட, அவன் தலையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டான். அவள் அங்கேயே நின்றாள். மழை அவள் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது.

ஒரு மணி நேரம் சொன்ன பேச்சைக் கேட்டு தெற்கிலேயே ஆடினார்கள். அவள் எல்லைக்கோட்டில் காவல் மாதிரி நின்றாள். பக்கத்தில் ஒரு நர்ஸ் கணுக்காலில் கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் டீம்தான், முதல் ஆட்டத்திலேயே கால் பிசகிவிட்டது. நடுவில் யாரோ “ஃபவுல்!” என்று கத்த, பதினாலு பேரும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுவிட்டார்கள். புல்லக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“யாரு விசில் அடிச்சது?”

“எங்க ஆட்டத்துல விசிலும் கிடையாது, நடுவரும் கிடையாதுக்கா” என்றாள் நர்ஸ். “தப்பு நடந்தா யாருக்கு நடந்துச்சோ அவங்களே கத்தணும். கத்தினா எல்லாரும் இருந்த இடத்துல நின்னுடணும். யாரு பண்ணாங்களோ அவங்களே உண்மையச் சொல்லிடணும். பொய் சொல்றதுன்னு ஆரம்பிச்சா இந்த ஆட்டமே கிடையாது.”

“சொல்லிடறாங்களா?”

“அநேகமா சொல்லிடுவாங்க.”

புல்லக்கா கூடாரத்துப் பக்கம் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் மட்டும் எழுப்பினாள்.

ஒன்பதரைக்குத் தெற்கு மூலையில் தண்ணீர் குளமாகத் தேங்கிவிட்டது. வடிகால் வாயை இலையும் குப்பையும் அடைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். குனிந்து, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அழுகின சருகைக் கட்டுக்கட்டாக அள்ளி வெளியே போட்டாள். தண்ணீர் சுழித்து இறங்க ஆரம்பித்தது. பரவாயில்லை, அரை மணியில் வடிந்துவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே முதுகுக்குப் பின்னால் பெரிய கைதட்டல் கேட்டது. திரும்பினாள்.

தெற்கில் ஒருவரும் இல்லை. எல்லை குறிக்க வைத்திருந்த பிளாஸ்டிக் கோன்களையெல்லாம் பெயர்த்துக்கொண்டுபோய் வடக்கில் வைத்திருந்தார்கள். தண்ணீர் தேங்காத இடம், புதுப்புல், மெத்தை மாதிரி இருக்கிறது, அதனால் போய்விட்டார்கள். மழையில் கோன்கள் பளிச்சென்று தெரிந்தன. கோல் போஸ்ட்டுக்கு முன்னால், அவள் குந்தி உட்கார்ந்து விரல் விரலாக நட்ட இடத்தில், மஞ்சள் பனியன் ஒன்று தட்டைத் துரத்திப் பாய்ந்து வயிற்றால் சறுக்கி எழுந்தது. பின்னால் பாய் விரித்த நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கீறல். உரித்த தோல் மாதிரி புல் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது.

“செம ராக்கெட்! நான் சரியா எடுக்கல, இன்னொரு தடவ!” என்று ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

இன்னொரு தடவை. அதுவும் ஆட்டத்துக்காக இல்லை, படத்துக்காக. அவளுடைய கொழுந்தன் பல்லைக் காட்டிக்கொண்டே பின்னால் போய், ஓடிவந்து, முதல் கீறலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு முறை வயிற்றால் சறுக்கினான்.

மண்வெட்டி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவ்வளவு வேகமாக அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. “நிறுத்துங்க! நிறுத்துங்கடா!” என்று கத்தினாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. தட்டு அவள் தலைக்கு மேலேயே பறந்தது. ஒரு பெண் அவளை இடிக்காமல் வளைந்து ஓடினாள். ஒருவன், “அக்கா, ஓரம், ஓரம்!” என்றான். அவள் மைதானத்திலேயே அவளை ஓரம் போகச் சொல்கிறான். நட்ட நடுவில் நின்று, அடிவயிற்றிலிருந்து, அவள் கத்தினாள்.

“ஃபவுல்!”

எல்லோரும் நின்றார்கள். தட்டு மட்டும் பறந்துபோய் யார் கைக்கும் அகப்படாமல் சேற்றில் தொப்பென்று விழுந்தது.

“யாரு ஃபவுல் சொன்னது?” என்று கேட்டுக்கொண்டே டாக்டர் ஓரத்திலிருந்து வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மாறியது. “அக்கா, நீங்க ஆட்டத்துல இல்லையே.”

“இந்தக் கோட்டுக்கு வடக்கால ஒரு கால் வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“அங்க தண்ணி நின்னுடுச்சு. ஆட முடியல. இங்க தரை நல்லா இருந்துச்சு, அதனால...”

“நல்லா இருந்துச்சு! நல்லா இருந்ததாலதான் வந்து நாசம் பண்ணீங்களா? யாரு அத நல்லா ஆக்குனது? நாலு மாசம், டாக்டர். உங்க வாயில ஒருத்தன் ஷூவோட ஏறிச் சறுக்கினா விடுவீங்களா?”

சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

“பாருங்கக்கா,” டாக்டரின் குரலிலும் இப்போது பதம் போய்விட்டது, “நாங்க திருட்டுத்தனமா உள்ள வரல. அனுமதி வாங்கித்தான் வந்தோம். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, இப்ப மழைன்னதும் எங்கள ஏமாத்தறீங்க. எத்தனை பேரு எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க தெரியுமா?”

“அது என் கையெழுத்து இல்ல. போட்டவன் இதோ நிக்கறான். அவன் வாயாலயே கேளுங்க. உங்க ஆட்டத்துல தப்புப் பண்ணவங்களே உண்மையச் சொல்லிடுவாங்களாமே?”

எல்லாத் தலையும் கொழுந்தன் பக்கம் திரும்பியது. தாடையிலிருந்து முழங்கால் வரைக்கும் சேறு. அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான்.

“அண்ணி கோவமா இருக்காங்க. புல்லுன்னா அவங்களுக்கு உசுரு. அதான்...”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. அந்தக் கையெழுத்து யாரு போட்டது?”

அவன் டாக்டரைப் பார்த்தான். நண்பர்களைப் பார்த்தான். பிறகு அவளை மட்டும் பார்க்காமல் சொன்னான்: “நீங்கதானே அண்ணி போடச் சொன்னீங்க? புதன்கிழமை போன்ல கேட்டேனே. ‘நீயே போட்டுடு’ன்னு சொன்னீங்களே. மறந்துட்டீங்களா?”

கையெழுத்துப் போட்டதைக்கூட ஏதோ புத்திகெட்டத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். இது, எழுபது பேர் முன்னால் அவளைப் பொய்க்காரியாக்குகிற வேலை. அதையும் எவ்வளவு பதவிசாகச் செய்கிறான். மறந்துட்டீங்களா என்று கேட்கிறான், வயசாகிவிட்ட மாதிரி. அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் கஞ்சித் தம்ளரோடு மாடிப்படி ஏறின கால் அவளுடையது. கன்னத்தில் ஒன்று வைத்தால் என்ன என்று கை கேட்டது. இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

“புதன்கிழமை நான் உன்கிட்டப் போன்ல பேசினேனா? இந்தா.” அவள் தன் போனை டாக்டரிடம் நீட்டினாள். “புதன்கிழமை எனக்கு யார் யார் போன் பண்ணாங்கன்னு பாருங்க. நீங்களே பாருங்க.”

டாக்டர் போனை வாங்கவில்லை. சங்கடமாக நெளிந்தார். “குடும்ப விஷயத்துல நாங்க எப்படி...”

“இது குடும்ப விஷயம் இல்ல சார்.”

சொன்னது நர்ஸ். ஒரு காலைத் தரையில் ஊன்றாமல், யாரோ ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து நின்றாள்.

“என் பேனாவுலதான் போட்டான். புதன்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சு, பைக் சீட்டு மேல படிவத்த வெச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். ‘அண்ணிகிட்டக் கேட்டியா’ன்னு கேட்டேன். ‘கேட்டா மழை, மண்ணுன்னு நூறு கதை சொல்லுவாங்க, நானே போட்டுடறேன், நம்ம அண்ணிதானே’ன்னு சொன்னான்.” அவள் கொழுந்தனைப் பார்த்தாள். “நானும் வாயத் திறக்காம இருந்துட்டேன். அது என் தப்பு. ஆனா இப்ப நீ சொன்னது ரொம்பக் கேவலம்.”

கொழுந்தன், “சும்மா ஒரு பார்மாலிட்டிதானேன்னு...” என்று இழுத்தான். யாரும் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தவன் போனைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டான்.

புல்லக்கா குனிந்து முதல் கோனைப் பிடுங்கினாள். அடுத்ததை. அடுத்ததை. மழையில் ஒவ்வொரு மூலையாக நடந்து எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, மொத்தமாகக் கொண்டுவந்து டாக்டர் கையில் திணித்தாள்.

“எல்லாரும் மெதுவா, ஓடாம, வந்த வழியே வெளிய போங்க.”

போனார்கள். சிலர் முணுமுணுத்துக்கொண்டே. ஆரஞ்சுப் பனியன் ஒருவர், “ஒரு ஞாயித்துக்கிழமை வீணாப் போச்சு” என்று அவள் காதுபடவே சொன்னார். இரண்டு பெண்கள் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவன் சுருண்டு கிடந்த புல்லைக் காலால் தள்ளிப் பழையபடி மூடப் பார்த்தான். “காலால தொடாத!” என்று அவள் போட்ட சத்தத்தில் இரண்டடி பின்னால் குதித்தான். மன்னிப்புக் கேட்டவர்களிடம் அவள் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற நிலையில் புல் இல்லையே.

எல்லோரும் போன பிறகு கீறல்களை அளந்தாள். முதலாவது ஒன்பது அடி. இரண்டாவது பதினொன்று. சுற்றிலும் ஷூ மிதித்துச் சேறான இடம் ஓர் அறை அளவுக்கு இருந்தது. பிய்ந்த துண்டுகளைக் கையால் பொறுக்கி, வேர் கீழே வருமாறு வைத்து, ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள். பன்னிரண்டு நாளில் பிடிக்காது என்று தெரிந்தே மூடினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் கொழுந்தனின் ஷூ கிடந்தது. அடியில் இருந்த முள்களுக்கு நடுவே சேறும் புல்லுமாக அப்பியிருந்தது. அவள் படியில் உட்கார்ந்து, ஒரு ஸ்பூன் காம்பால் அதைக் குடைந்து குடைந்து எடுத்தாள். கைநிறைய வந்தது.

அவள் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். விஷயம் அவர் காதுக்கு அதற்குள் போயிருந்தது. தம்பி சொன்ன விதத்தில் போயிருந்தது. அண்ணன் தம்பி இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எல்லார் முன்னாடியும் அவன அவமானப்படுத்தணுமா?” என்றார் கணவர். “சின்னப் பையன், ஏதோ தெரியாமச் செஞ்சுட்டான்.”

“முப்பத்தொரு வயசு. ஊரு கண்ணுக்கெல்லாம் பவர் பாத்துச் சொல்றான். எது என் கையெழுத்துன்னு இவனுக்குத் தெரியாதா?”

“சரி, குடும்பத்துக்குள்ள முடிச்சுக்கலாமே.”

“கையெழுத்த குடும்பத்துக்குள்ள போடலீங்களே. ஆபீஸ் படிவத்துல போட்டிருக்கான்.”

கொழுந்தன் நிமிர்ந்தான். “சரி அண்ணி, தப்புதான். போதுமா?”

அந்தப் ‘போதுமா’வில்தான் அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. ஷூவிலிருந்து எடுத்த புல்லையும் சேற்றையும் அவன் தட்டின் நடுவில் வைத்தாள்.

“போதாது. நாளைக்கு ஆபீசுக்கு நீயே எழுதிக் குடுக்கணும். நான்தான் போட்டேன், அவங்களுக்குத் தெரியாதுன்னு. இல்லன்னா தரை கெட்டதுக்கு நான்தான் பொறுப்புன்னு அவங்க எழுதுவாங்க. அது வரைக்கும் இந்த வீட்டுல உனக்கு இதுதான் சாப்பாடு.”

“எழுதினா ஃப்ரிஸ்பி ஆளுங்க என்னச் சேத்துக்க மாட்டாங்க அண்ணி.”

“எழுதலன்னா நான் சேத்துக்க மாட்டேன்.”

அவன் தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போனான். கணவர் எதிரில் இருந்த சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எங்கிட்ட அவன் நீ போன்ல சரின்னு சொன்னதாத்தான் சொன்னான்” என்றார். அவள் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் ஆபீசில் நின்றாள். மேனேஜர் ஏற்கனவே ஒரு குறிப்பைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். “படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, விஷயத்த முடிச்சுடலாம்.”

அவள் நின்றபடியே நிதானமாகப் படித்தாள். “‘தவறான புரிதலால்’னு எழுதியிருக்கீங்க சார். யாருக்கும் எதுவும் தப்பாப் புரியல. அத அடிச்சுட்டுப் ‘பொய்க் கையெழுத்தால்’னு எழுதுங்க. ஞாயித்துக்கிழமை காலையில நான் போன்லயே, போடலன்னு சொன்னேன், நீங்க கேட்டைத் திறக்கச் சொன்னீங்க. அதையும் எழுதுங்க. இந்தத் தடவ கையெழுத்த நானே போடறேன். எப்படி இருக்கும்னு பாத்து வெச்சுக்குங்க.”

மேனேஜர் முறைத்தார். அந்த நேரத்தில்தான் நர்ஸும் டாக்டரும் இன்னும் பதினோரு பேரும் சேர்ந்து எழுதின கடிதம் வந்தது. நடந்தது முழுக்க அதில் இருந்தது. கோட்டுக்கு வடக்கே போகக்கூடாது என்று அவள் சொன்னதும், அதை மீறினது தங்கள் தவறு என்பதும்கூட. மேனேஜர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். மத்தியானத்துக்கு மேல் கொழுந்தனும் வேறு வழியில்லாமல் மூன்று வரி எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். ஃப்ரிஸ்பி கூட்டத்துக்கு ஆறு மாதம் மைதானம் கிடையாது என்று முடிவானது. சிவப்புப் பலகை மாட்டினால் மேனேஜரே வந்தாலும் கேட் திறக்கக்கூடாது என்று ஒரு உத்தரவும் வந்தது.

ஆனால் இறுதி ஆட்டம் போய்விட்டது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து பார்த்த கால்பந்துப் போட்டி அதிகாரிகள் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், மறுபடியும் வேறு இடம் என்றார்கள். கால்பந்துப் பயிற்சியாளரம்மா போனில், “இந்த வருஷமும் பொண்ணுங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?” என்று கேட்டபோது, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள் புல்லக்கா. யார் செய்தது, அவன் தனக்கு என்ன உறவு என்பது உட்பட. மறைக்கிற மாதிரி எதையும் இனிமேல் வைத்துக்கொள்வதாக இல்லை.

கொழுந்தன் அந்த வாரமே நண்பனின் அறைக்குப் போய்விட்டான். நாலாவது வாரம், மிச்சமிருந்த துணிமணியை எடுக்க வந்தான். இளைத்திருந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்படியில் தயங்கி நின்றான்.

“அண்ணி, வேணும்னா ஞாயித்துக்கிழமை வந்து புல்லு நட உதவி பண்ணட்டுமா?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மனசாரத்தான் கேட்கிறான் என்று தெரிந்தது. அப்படித் தெரிந்ததும்கூட அவளுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

“வேண்டாம். உன் கால் அங்க படக்கூடாது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான். தெருமுனை திரும்புகிற வரைக்கும் கணவர் ஜன்னலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து, மெதுவாக, “இன்னும் உனக்குக் கோவம் தீரலையா?” என்று கேட்டார்.

“தீரல” என்றாள். “தீந்தா நானே சொல்றேன். சாப்பிட வாங்க.”